சுவருக்குள் ஏற்கெனவே ஒரு கம்பி இருக்கிறது

நம் ஊர் வீடுகளில் வைஃபை நன்றாகக் கிடைக்கும் இடம் ஹால். டிவிக்குப் பக்கத்தில் மாட்டிய பெட்டியிலிருந்து பத்தடிக்குள் உட்கார்ந்தால் சினிமா, சீரியல், கிரிக்கெட் எல்லாம் தடையில்லாமல் ஓடும். கிடைக்காத இடம் கடைசி அறை. எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தக் கடைசி அறையில் பெரும்பாலும் இருப்பது வயதானவர்கள். பாத்ரூம் பக்கத்தில் இருக்க வேண்டும், வருவோர் போவோர் தொந்தரவு கூடாது, பகலில் கொஞ்சம் கண்ணயர இருட்டாக இருக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் அங்கே கட்டில் போடுகிறோம். ஆனால் இன்றைக்கு உலகம் வீட்டுக்குள் வருவது இன்டர்நெட் வழியாக. அது எட்டாத அறையில் ஒருவரைப் படுக்க வைப்பதும், கடிதம் வராத ஊரில் குடி வைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அம்மாவுக்கு 89 வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறார். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். முன்பெல்லாம் ஆட்டோ வைத்து வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தது. விரல் ரேகை வைக்கும் கருவி வேண்டும். கிழவிகளின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? எழுபது வருஷம் பாத்திரம் தேய்த்து ரேகையும் தேய்ந்துவிட்டது. 2021-லிருந்து முகத்தை வைத்தே சான்று வாங்கலாம் என்று ஆனது. செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் போதும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல காரியத்தை அரசாங்கம் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தச் சிமிட்டல் போய்ச் சேர இன்டர்நெட் வேண்டும். அம்மாவின் அறையில் வைஃபையும் இல்லை, செல்போன் டவரும் ஒரு கோடுதான். ஹாலுக்கு வீல்சேரில் கொண்டுவரலாம் என்றால், புரட்டிப் படுக்க வைப்பதற்கே வலியில் கண்ணீர் வருகிறவரை ஒரு கண் சிமிட்டலுக்காக எப்படிக் கிளப்புவது?

அதோடு தம்பி. டொரண்டோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிடுவான். முகம் உறையும், குரல் ரோபோ மாதிரி வரும், அப்புறம் வட்டம் சுற்றும். அம்மா, "அவனுக்கு வேலை இருக்கும் போல" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவனுக்கு வேலை இல்லை. இடையில் மூன்று சுவர்களும் ஒரு இரும்பு பீரோவும் இருந்தன, அவ்வளவுதான்.

எங்கள் வீடு 1988-ல் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வைஃபை பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுணங்கிவிடும். முதலாவது சுவரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அந்த வரிசையில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் சேர்ந்து சந்தைக்கடைச் சத்தம். இரும்பு பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாய் இவையெல்லாம் வழியில் நின்றால் கதை முடிந்தது.

இதற்குக் கடைக்காரர்கள் தரும் முதல் மருந்து ரிப்பீட்டர். அதை நம் மக்கள் எங்கே மாட்டுகிறார்கள்? சிக்னல் வராத அறையிலேயே. காது கேட்காதவரை நிறுத்தி, "நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் அவர் என்ன சொல்வார்? பாதி வழியில், சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினாலும் சாதாரண ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டு அதே வாயால் திருப்பிச் சொல்கிறது, ஆகையால் வேகம் பாதியாகிவிடும். இது தெரியாமல் இரண்டு, மூன்று என்று வாங்கி மேஜை இழுப்பறையை நிரப்பியவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரில், கடைக்காரர் சொன்னதுதான் வேதம்.

என் கட்சி இதுதான். முடிந்தவரை கம்பி, கடைசி பத்தடிக்கு மட்டும் காற்று. புதுக் கம்பி இழுக்க முடிந்தால் லேன் கம்பிதான் முதல் தரம், அதற்கு ஈடு கிடையாது. சுவரை உடைக்க முடியாது, வயதான காலத்தில் தூசியும் சத்தமும் தாங்காது என்றால், சுவருக்குள் ஏற்கெனவே எல்லா அறைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மின்கம்பியையே பயன்படுத்துங்கள். பவர்லைன் அடாப்டர் என்ற பெயரில் ஜோடியாகக் கிடைக்கிறது. லேப்டாப் சார்ஜர் அளவுக்கு ஒரு பெட்டி ஹாலில், ரூட்டருக்குப் பக்கத்தில் பிளக்கில் செருகி ஒரு லேன் கயிற்றால் ரூட்டரோடு இணைப்பது. இன்னொன்று கடைசி அறையில். அது தானே ஒரு சின்ன வைஃபை பெட்டியாக வேலை செய்யும் ரகம் இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். இந்தச் சாதனத்தை நம் ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்ட மீதிப் பேர் "அது வேலை செய்யாது சார்" என்கிறார்கள். ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பதிலை நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வித்தையோடுதான் என் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி போனது.

மின்வாரியத்தில் நான் சேர்ந்த காலத்தில் ஒரு துணைமின் நிலையத்திலிருந்து இன்னொரு துணைமின் நிலையத்துக்குப் பேச வெளித் தொலைபேசியை நம்ப முடியாது. டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரண கால், அர்ஜன்ட் கால், லைட்னிங் கால் என்று மூன்று விலை. லைட்னிங் கால் போட்டாலும் மின்னல் வேகத்தில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எங்கள் கட்டுப்பாட்டு அறை மேஜையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. அதை எடுத்துச் சுழற்றினால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர் "சொல்லுங்க சார்" என்பார். தனிக் கம்பி ஏது? 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் மின்சாரம் போகிற அதே கம்பிதான். பி.எல்.சி.சி. என்று சொல்வோம், பவர் லைன் கேரியர் கம்யூனிகேஷன். மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பேச்சை அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாகத் துடிக்கும் அலையில் ஏற்றி அதே கம்பியில் அனுப்புவது. நூறு கிலோஹெர்ட்ஸ் இருநூறு கிலோஹெர்ட்ஸ் என்ற கணக்கில். பெரிய வண்டி ஓடுகிற சாலையில் சைக்கிளும் போகிற மாதிரி. பேச்சு மட்டுமல்ல, ஒரு முனையில் கோளாறு என்றால் மறு முனையில் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கட்டளையும் அதில்தான் போகும். புயல் மழையில் ஊர்த் தொலைபேசி எல்லாம் செத்துக் கிடக்கும்போதும் கம்பி அறுபடாத வரை எங்கள் கறுப்புப் பெட்டி பேசும். இப்போது கோபுர உச்சியில் ஓடும் தரைக்கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழையை வைத்து இழுத்துவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பெட்டி காட்சிப் பொருளாகிவிட்டது.

அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது ஏதாவது பெரிய துணைமின் நிலையத்தைக் கடந்தால் எட்டிப் பாருங்கள். லைன் உள்ளே நுழையும் இடத்தில் பீப்பாய் மாதிரி ஒரு கம்பிச் சுருள் தொங்கும், அல்லது பீங்கான் தூண்மேல் உட்கார்ந்திருக்கும். அதுதான் வேவ் டிராப். 50 சுற்று மின்சாரத்தைத் தாராளமாக உள்ளே விடும். பேச்சு அலையை உள்ளே விடாது. ஏனென்றால் பேச்சு நிலையத்துக்குள் புகுந்தால் அங்கிருக்கும் டிரான்ஸ்பார்மரும் மற்றச் சாமான்களும் அதை விழுங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் இதற்கு நேர் எதிர்: பேச்சை இறக்கிக்கொள்ளும், மின்சாரத்தைத் தடுக்கும். அதாவது அந்த மெல்லிய பேச்சுக்கு இருபுறமும் காம்பவுண்டு சுவர் எழுப்பி, வாசலும் வைத்து, பாதுகாத்துத்தான் அனுப்பினோம்.

பவர்லைன் அடாப்டர் செய்வதும் இதே வேலைதான், ஆனால் அலை இன்னும் பல மடங்கு வேகம். ஏறத்தாழ 2-லிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை; புதிய ரகங்கள் 80-ஐத் தாண்டியும் போகின்றன. பெரிய வித்தியாசம் எதில் என்றால், வீட்டில் வேவ் டிராப் கிடையாது. காம்பவுண்டு சுவர் இல்லாத வீடு. மிக்ஸி, மலிவான எல்.இ.டி. பல்பு, மின்விசிறி ரெகுலேட்டர், மட்டமான செல்போன் சார்ஜர் என்று எல்லாமே அந்த வழியில் குப்பை கொட்டும். சில சாமான்கள் அலையையே குடித்துவிடும். இந்தக் களேபரத்தில் தாக்குப்பிடிக்க, தகவலை நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அலைகளில் பிரித்து ஏற்றுகிறார்கள். எந்த அலை சேதமாகிறதோ அதை விட்டுவிட்டு மற்றதில் கூடுதலாக ஏற்றும். எங்கள் காலத்தில் ஒரு கேரியர் கெட்டால் ஆள் போய் ட்யூன் செய்ய வேண்டும். இது வினாடிக்குள் தானே செய்துகொள்கிறது. பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.பி.பி.எஸ். என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். டாக்டர் படிப்பு அல்ல, வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. 2001-ல் வந்த முதல் ஹோம்பிளக் தரத்தில் 14. 2005-ல் வந்த ஏ.வி. தரத்தில் 200. இன்று கடையில் 600, 1000, 2000 என்று எண்கள். இந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆய்வகத்தில், குட்டிக் கம்பியில், போகிற வேகத்தையும் வருகிற வேகத்தையும் கூட்டிப் போடும் தொகை அது. 600 என்று எழுதிய பல பெட்டிகளின் லேன் துளையே 100-க்கு மேல் போகாத துளை. எங்கள் வீட்டில் 100 திட்டம். அம்மாவின் அறையில் 38-லிருந்து 45 வரை கிடைக்கிறது. சமையலறையில் மிக்ஸி ஓடினால் 20-க்கு இறங்குகிறது, நின்றதும் ஏறிவிடுகிறது. "இவ்வளவுதானா?" என்று சிரிப்பவர்களைக் கேட்கிறேன்: முகம் பார்த்துப் பேச எவ்வளவு வேண்டும்? இரண்டு மூன்று போதும். ஆனால் அந்த இரண்டு மூன்று விட்டுவிட்டு வரக் கூடாது. வயதானவர்களுக்குத் தேவை வேகமல்ல, நிதானம். மகன் பேசுகிற வாக்கியம் பாதியில் அறுபடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி, "வேலை செய்யாது" என்று சொல்பவர்களுக்கு ஏன் வேலை செய்யவில்லை என்பது. பத்துக்கு எட்டு இடத்தில் காரணம் ஃபேஸ்தான் என்பது என் அபிப்பிராயம். நம் ஊரில் கொஞ்சம் பெரிய வீடு, ஏ.சி. இருக்கிற வீடு என்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம். வயரிங் செய்தவர் ஹாலை ஒன்றிலும் படுக்கையறையை இன்னொன்றிலும் சமையலறையை மூன்றாவதிலும் பிரித்துப் போட்டிருப்பார். ஹாலில் ஒரு பெட்டியும் கடைசி அறையில் ஒரு பெட்டியும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால், அலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். டி.பி. பெட்டிக்குள் கம்பிகள் நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் தாவும். ஆனால் தாவி விழும்போது பாதி உயிர் போயிருக்கும். வாங்கிய மறுநாளே பெட்டியைக் குப்பையில் போட்டவர்கள் பெரும்பாலும் இதை விசாரிக்காதவர்கள்.

விசாரிப்பது எளிது. ஒரு ஃபேஸ் போகிற நாள் நம் ஊரில் அபூர்வமா என்ன? அப்படி ஒரு நாள் எந்தெந்த அறை இருண்டது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டி.பி.யில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி அறை வேறு ஃபேஸில் இருந்தால், அந்த அறையின் சின்ன எம்.சி.பி.யை ஹால் இருக்கும் ஃபேஸுக்கு மாற்றுவது தெரிந்த கைக்கு அரை மணி நேர வேலை. அந்த அறையில் ஏ.சி. இருந்தால் அதன் லோடைத் தொடாமல், விளக்கும் ஐந்து ஆம்ப் பிளக்கும் ஓடும் சர்க்யூட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நீங்களாகக் கை வைக்காதீர்கள். முப்பது வருஷம் 230 கிலோவோல்ட் யார்டில் நடந்தவன் சொல்கிறேன்: பெரிய வோல்டேஜுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், நான் துக்கம் விசாரிக்கப் போனதெல்லாம் 230 வோல்ட் வீடுகளுக்குத்தான்.

இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது. நம் வீடுகளில் இன்வர்ட்டர் இருக்கிறதல்லவா? அதிலிருந்து கிளம்பும் லைன் பெரும்பாலும் ஒரே ஃபேஸிலிருந்து வந்து, எல்லா அறைக்கும் விளக்கு, ஃபேன், ஒரு பிளக் என்று போகும். இரண்டு அடாப்டரையும் அந்த இன்வர்ட்டர் பிளக்கில் செருகினால் ஃபேஸ் வம்பே இல்லை. கரண்ட் போனாலும் இரண்டு பெட்டியும் உயிரோடு இருக்கும். மாறாக ஒன்று இன்வர்ட்டர் பிளக்கிலும் மற்றது ஏ.சி.க்கான பதினைந்து ஆம்ப் பிளக்கிலும் இருந்தால், நடுவில் இன்வர்ட்டரின் ரிலே வாசல்காரன் மாதிரி நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை வரும் நாளில் ஒரு பெட்டி செத்தே போகும். சைன் வேவ் இன்வர்ட்டராக இருந்தால் நல்லது. பழைய ஸ்கொயர் வேவ் ரகம் பேட்டரியில் ஓடும்போது லைனில் நிறையச் சத்தம் போடும்.

பெட்டியை நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். ஸ்பைக் பஸ்டர் என்ற நீளப் பலகையில் செருகினால், அது தன் கடமையைச் செய்யும்: வேகமான அலைகளை வடிகட்டி எறிந்துவிடும். அதை வாங்கியதே அதற்காகத்தானே.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிய அடாப்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டோடு எர்த் கம்பியையும் சேர்த்து மூன்றிலும் தகவல் அனுப்புகின்றன. அதனால் மூன்று பின் ரகம் வாங்குகிறோம். ஆனால் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா? எங்கள் பகுதியில் நான் கழற்றிப் பார்த்த பிளக்குகளில் பலவற்றில் எர்த் முனை வெறுமையாக இருந்தது. சிலவற்றில் கம்பி இருக்கிறது, ஆனால் அது தோட்டத்துக் குழிவரை போவதில்லை. குழி இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அப்பா காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. வைஃபைக்காகவாவது நீங்கள் எர்த்தைச் சரி பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. இன்டர்நெட் வராவிட்டாலும் கீசர் ஆளைக் கொல்லாது.

என் மாப்பிள்ளை கணினித் துறையில் இருக்கிறார். "மாமா, இதெல்லாம் பழைய டெக்னாலஜி. மெஷ் போட்டுடுங்க, நான் ஆர்டர் பண்றேன்" என்றார். தங்கமான மனுஷன், அதனால் விவாதம் செய்தோம், சண்டை போடவில்லை. மெஷ் நல்ல சாதனம்தான். பெங்களூரில் அவர் ஃபிளாட்டில் மெல்லிய தடுப்புச் சுவர், எல்லா அறையும் ஹாலைச் சுற்றி. அங்கே அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் மெஷ் பெட்டிகளும் ஒன்றோடொன்று காற்றில்தான் பேசுகின்றன. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் கட்டிய எங்கள் வீட்டில், மூன்று ஒன்பது அங்குலச் சுவரை அதுவும் தாண்டியாக வேண்டும். "மெஷ் பெட்டிகளுக்கு நடுவில் லேன் கம்பி போட்டால் பிரமாதமா இருக்கும், மாமா" என்றார் கடைசியில். அதைத்தானே நானும் சொல்கிறேன், மாப்பிள்ளை!

எல்லா வீட்டுக்கும் பவர்லைன் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். வயரிங் அலுமினியக் கம்பியில், மரப் பட்டியில், இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகளோடு இருக்கிற பழைய வீடு என்றால் முதலில் வயரிங்கை மாற்றுங்கள், இன்டர்நெட் அப்புறம். வீட்டில் யாராவது ஹாம் ரேடியோ வைத்திருந்தால், அல்லது என்னைப் போல இன்னும் சிற்றலை வானொலியைத் திருகுகிறவராக இருந்தால், இந்தப் பெட்டி அந்த அலைவரிசையில் கரகரப்பைக் கிளப்பும். ஹாம் அலைவரிசைகளை மட்டும் விட்டுவிட்டு வேலை செய்யும்படிதான் தயாரிக்கிறார்கள், இருந்தாலும் மற்ற இடங்களில் சத்தம் கேட்கிறது. என் ரேடியோவை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இரண்டு பெட்டியிலும் உள்ள ‘பேர்’ பொத்தானை அடுத்தடுத்து அழுத்தி, உங்கள் வீட்டுக்கென்று தனிச் சாவி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒரே தரத்தைச் சேர்ந்த பல பெட்டிகள் ஒரே பொதுச் சாவியோடு வருகின்றன. மீட்டர் அலையைத் தேய்க்கும், ஆனால் பூட்டுப் போட்டு நிறுத்தாது. அடுத்த வீட்டுக்காரரும் இதே மாதிரி ஒன்று வாங்கிப் பொத்தானை அழுத்தாவிட்டால், இரண்டு வீடும் ஒரு வீடாகிவிட வாய்ப்பு உண்டு.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். உறவினர் ஒருவர் புதுசாக அடுக்ககத்தில் வீடு வாங்கினார், போய்ப் பார்த்தேன். பூஜையறை எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, தலைவாசல் எத்தனை அங்குலம் என்று ஆறு மாதம் பேசியிருக்கிறார்கள். கட்டியவர் ஹாலில் டிவி பக்கத்தில் ஒரே ஒரு லேன் பாயின்ட் வைத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட்டார். மூன்று படுக்கையறையில் ஒன்றுக்கும் காலிக் குழாய்கூட இல்லை. பூச்சு வேலைக்கு முன்னால் ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் பதித்து, உள்ளே ஒரு இழுகம்பியைப் போட்டு வைத்தால் என்ன செலவு ஆகிவிடும்? ஒரு குளியலறைக் குழாயின் விலை வராது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, எந்த அறையில் பெரியவர்கள் படுப்பார்களோ, நாளைக்கு நீங்கள் படுப்பீர்களோ, அந்த அறைக்கு. மின்கம்பி ஓடும் குழாயிலேயே லேன் கம்பியையும் திணித்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது ஆபத்து.

ஏற்கெனவே கட்டிய வீட்டிலும் ஒரு அதிர்ஷ்டம் இருக்கலாம். தொண்ணூறுகளில் கேபிள் டிவிக்காகப் படுக்கையறைக்குத் தனிக் குழாயில் கறுப்புக் கம்பி இழுத்தவர்கள் பலர். இன்றைக்கு அது சும்மா கிடக்கிறது. அதன் ஒரு முனையில் லேன் கம்பியை இறுகக் கட்டி மறுமுனையிலிருந்து மெல்ல இழுத்தால், பழையது வெளியே வர, புதியது உள்ளே போய்விடும். பழைய தொலைபேசிக் குழாய்க்கும் இதே வைத்தியம். என் நண்பர் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி வழி இருந்தால் அடாப்டரே வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தக் குழாய் நடுவில் எங்கோ சிமெண்டு அடைத்துக் கிடந்தது, அதனால்தான் மின்கம்பிக்குப் போனேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகள் நம் ஊர்க் கடைகளில் குறைவு, இணையத்தில்தான் கிடைக்கின்றன. சில ஆயிரம் ரூபாய் ஆகும். திருப்பித் தரலாம் என்று உறுதி தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டுக் கம்பி என்ன சொல்லும் என்று செருகிப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாளே இரண்டையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பிளக்கில் செருகி, பெட்டி நல்ல பெட்டிதானா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு ஒன்றை மட்டும் ஒவ்வொரு அறையாக நகர்த்திப் பாருங்கள். பின்னையும் கவனியுங்கள். ஐரோப்பியப் பின்னோடு வந்ததை ஆட்டம் காணும் கன்வர்ட்டரில் செருகினால் தொடர்பு விட்டுவிட்டுத்தான் வரும், எர்த்தும் கிடைக்காது. நம் ஊர் மூன்று பின் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.